சட்டைக் கைக்குள் இருந்த பயம்

மழையில் நனைந்த கறுப்பு நூல் உலரும்போது தோலைக் கடிக்கும். முதலில் லேசான குறுகுறுப்பாகத் தொடங்கி, கண்டி ஸ்டேசனில் இறங்கும் நேரத்தில் நல்ல அரிப்பாகி, வகுப்பில் போய் உட்காரும்போது நூலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையமே விழுந்திருக்கும். சொறிந்தால் சட்டைக் கை மேலேறி நூல் வெளியே தெரிந்துவிடும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். எங்கள் நாவலப்பிட்டி மழைக்குப் பேர்போன ஊர், குடையை நம்பி அங்கே யாரும் வெளியே இறங்குவதில்லை, ஆகவே பன்னிரண்டு வயதில் அந்த ஒரு வருடம் முழுவதும் எனக்கு இடது கை அரித்துக்கொண்டேதான் இருந்தது.

அந்த நூல் என் பயத்துக்குக் கட்டியது. அதற்கு முந்தைய கதையையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்ததால் கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் எனக்கு இடம் கிடைத்தது. அப்பா நாவலப்பிட்டி ஸ்டேசனில் பொதிகளைப் பதிந்து அனுப்பும் பிரிவில் வேலை செய்தார். ஊரில் அவர் "பார்சல் ஐயா", நான் "பார்சல் ஐயா மக". கண்டியில் எனக்கு என் பெயரே இருந்தது. மாடியில் ஒரு நூலகம் இருந்தது, ஆய்வுகூடத்தில் தொட்டுப் பார்க்க விடுகிற நுணுக்குக்காட்டி இருந்தது, பின்னேரங்களில் மரத்தடியில் நாடகம் பழக்கினார்கள். அந்தப் பாடசாலையை எனக்குப் பிடித்திருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததைக் கேட்பவர்கள் எல்லாரும் எனக்குப் பாடசாலை பிடிக்கவில்லை என்றே முடிவு கட்டினார்கள்.

நடந்தது இதுதான். ஏழாம் ஆண்டுக்கு வந்த பிறகு, காலையில் கண்டிக்குப் போகும் கோச்சிக்கு, அதாவது ரயிலுக்கு, புறப்படும் நேரத்தில் எனக்கு வயிறு பொரட்டத் தொடங்கியது. பொய்யில்லை, நடிப்பில்லை; முறுக்கிப் பிழியும், உள்ளங்கை வேர்க்கும், கக்கூசுக்குப் போய் வந்த கையோடு மறுபடியும் போக வேண்டும் போலிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போகும்போது மட்டும் அந்த வயிறு சொன்னபடி கேட்டது. அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார், ஓமத்தண்ணீர் கொடுத்தார், வயிற்றுப்பூச்சிக்கு மருந்து கொடுத்தார், இடியாப்பத்தை நிறுத்தி ரொட்டி கொடுத்தார், பிறகு ரொட்டியை நிறுத்தி இடியாப்பம் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர் வயிற்றை நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றதும் அம்மாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

"பிள்ள துடியாத் துடிக்குது, ஒன்னுமில்லையாம். ஒன்னுமில்லாததுக்கு நான் என்னா வேலையத்துப் போயா வரிசையில நின்னேன்" என்று வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

மருந்து கேட்காத வயிற்றுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பெயர் தயாராக இருந்தது: "பயந்த கோளாறு". பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது, அந்தப் பயம் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது, அதை ஆள் வைத்து எடுக்க வேண்டும். எதைப் பார்த்துப் பயந்தேன் என்பதில் அக்கம்பக்கத்தில் பல கருத்துகள் நிலவின. தண்டவாளத்தில் அடிபட்ட மாட்டைப் பார்த்திருப்பேன் என்றார்கள். பேராதனையில் மகாவலியைக் கடக்கும்போது தண்ணீரைக் குனிந்து பார்த்திருப்பேன் என்றார்கள். சேமக்காலையில், கல்லறைகள் பக்கம், உச்சிவேளையில் போயிருப்பேன் என்றார்கள். என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை, எனக்கும் அது என்னிடம் கேட்கவேண்டிய விசயமாகத் தோன்றவில்லை.

எங்கள் வீடு நல்ல கத்தோலிக்க வீடு. அம்மா கோயில் பாடகர் குழுவில் பாடுவார், அப்பா பங்குச் சபையில் இருந்தார். அதனால் ஃபாதர் மந்திரித்த மாதா சுரூபம் ஒன்று ஊரறிய என் கழுத்தில் ஏறியது, அதில் ரகசியம் ஒன்றுமில்லை. அது போதவில்லை என்று கண்ட அம்மா, ஒரு சனிக்கிழமை துணி எடுக்கப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போய் அங்கிருந்து மாத்தளை பஸ்ஸில் ஏறி அலவத்துகொடைக்குப் போனார். அங்கே பிள்ளைகளுக்கு ஓதி நூல் கட்டுவதில் பேர்பெற்ற ஒரு பள்ளிவாசல் லெப்பை இருந்தார். சாந்தமான மனிதர், என் தலையில் கைவைத்து ஓதி, தண்ணீரில் ஊதிக் குடிக்கக் கொடுத்து, இடது கையில், சட்டைக் கை மறைக்கும் உயரத்தில், கறுப்பு நூலைக் கட்டினார். "பயம் எடுபட்டுரும் மகள்" என்றார். திரும்பி வரும் வழியில் அம்மா கடலை வாங்கிக் கொடுத்து, "அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது, ஃபாதருக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்" என்று சொல்லிவைத்தார்.

அடுத்த மாதம் அப்பா, ஸ்டேசனில் தன்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, கம்பளைக்குப் போய்க் காலுக்குச் சப்பாத்து வாங்கி வருவோம் என்று என்னைக் கூட்டிப் போனார். சப்பாத்துக் கடைக்கு முன்னால் பன்சல, அதாவது புத்த கோயில், வந்தது. அங்கே பிக்கு, ஹாமதுரு என்பார்கள், பிரித் மந்திரம் ஓதி வலது மணிக்கட்டில் வெள்ளை நூலைத் தளர்வாகக் கட்டிவிட்டார். ஸ்டேசனுக்கு வந்ததும் அப்பா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அந்த நூலைக் கையோடு மேலே தள்ளித் தள்ளிச் சட்டைக் கைக்குள் ஏற்றிவிட்டார். "அம்மா மனசு சங்கடப்படும், சொல்லாத" என்றார். ஆக இடது கையில் அம்மாவின் ரகசியம், வலது கையில் அப்பாவின் ரகசியம், இரண்டையும் காப்பாற்றுகிற பொறுப்பு எனக்கு. பயம் குறைந்ததா என்று கேட்டால், வீட்டில் உடுப்பு மாற்றும்போது பிடிபட்டுவிடுவேனோ என்ற பயம் புதிதாகச் சேர்ந்துகொண்டது.

இதற்கிடையில் பாடசாலையிலிருந்து ஸ்டேசனுக்கு அழைப்பு வரத் தொடங்கியிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையில் கவிழ்ந்து கிடக்கிறாள், வந்து கூட்டிப்போங்கள் என்பார்கள்; அப்பா வேலையை யாரிடமாவது கொடுத்துவிட்டு வருவார். சில தடவை அப்படி வந்தபிறகு அவர் முடிவெடுத்துவிட்டார். "இன்னொரு தடவ கோல் வந்துச்சுன்னா, பேரை வெட்டிட்டு ஜனவரில இங்கேயே சேத்துருவோம். ஒடம்புதான் முக்கியம்" என்றார். அம்மாவும் தலையாட்டினார். அன்பினால் எடுத்த முடிவு என்பது எனக்குத் தெரிந்தது, அதனால் எதிர்த்துப் பேசவும் வழியில்லை. கண்டிப் பாடசாலை கையை விட்டுப் போகப்போகிறது என்று நினைக்கும்போது வயிறு இன்னும் மோசமாகப் பொரட்டியது.

இந்த நிலையில்தான் வருடக் கடைசிப் பரீட்சை வந்தது.

பரீட்சையின் முதல் நாள், பிள்ளைகள் கையில் விடை எழுதிக்கொண்டு வருகிறார்கள் என்று எப்படியோ ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. எங்கள் வகுப்புக்கு மேற்பார்வைக்கு வந்தவர் யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவர்; கண்டியில் அறை எடுத்துத் தங்கிப் படிப்பிக்கிறவர், கண்டிப்பானவர், அவர் நடந்து வரும் சத்தத்துக்கே வகுப்பு அமைதியாகும். வினாத்தாளைக் கொடுப்பதற்கு முன் அவர் எங்களை எழும்பி நிற்கச் சொன்னார்.

"பிள்ளையள், எல்லாரும் சட்டைக் கையை மேல சுருட்டுங்கோ. தோள் வரைக்கும். நான் வந்து பாக்கப் போறன்."

எனக்கு உலகமே அந்த இடத்தில் நின்றுவிட்டது. இரண்டு கையிலும் இரண்டு மதத்து நூலோடு, கழுத்தில் மாதா சுரூபத்தோடு, வகுப்பின் நடுவில் நான் நிற்கப்போகிறேன், எல்லாரும் சிரிக்கப்போகிறார்கள், வயிறு பிழியப்போகிறது, அழைப்பு போகப்போகிறது, அதோடு எல்லாம் முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு சுருட்டினேன். சிரிப்புச் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன்.

வகுப்பு முழுக்க நூல். எப்போதும் முதலாவதாக வரும் பிள்ளையின் கையில் செப்புத் தாயத்து, அது வழுக்காமலிருக்க ஊசி குத்தி வைத்திருந்தாள். வலைப்பந்தில் யாரையும் முட்டித் தள்ளிவிட்டுப் போகிறவளின் கையில் மாரியம்மன் கோயில் மஞ்சள் நூல், சுற்றிச் சுற்றி. ஆசிரியர்களுக்கே வாய்காட்டுகிறவள் சட்டைக் கையின் உட்புறத்தில் புனிதர் படம் ஒன்றைத் தைத்து வைத்திருந்தாள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள் என்று வரிசைக்கு வரிசை. எல்லாரும் மற்றவர்களின் கையைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆசிரியை ஒரு சுற்று வந்து, விடை எழுதிய கை ஒன்றுகூட அகப்படாமல், மேசைக்குத் திரும்பிப் போய் நின்றார்.

"இதென்ன, வகுப்போ திருவிழாவோ? சரி, கையை இறக்குங்கோ. வெளிய போகவேண்டிய ஆக்கள் ஓடிப்போட்டு வாங்கோ, மணி அடிச்சபிறகு நான் ஒருத்தரையும் விடமாட்டன்."

ஏறக்குறைய பாதி வகுப்பு எழும்பி ஓடியது. கக்கூசுக்கு முன்னால் நீண்ட வரிசை, வரிசையில் நின்ற எல்லாரும் என்னைப் போலவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நூல் வெளியே தெரிந்துவிட்ட பிறகு மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பதாலோ என்னவோ, அன்றுதான் முதல்தடவையாகப் பேச்சு வந்தது. முதலாவதாக வருகிறவள் பரீட்சைக்கு முந்தின இரவெல்லாம் வாந்தி எடுப்பாளாம். வலைப்பந்துக்காரிக்கு வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொன்னால் நெஞ்சு அடித்துக்கொண்டு எழுத்தே தெரியாதாம். எல்லா நூலும் பயத்துக்குக் கட்டியது என்று நான் சொல்லவரவில்லை, காய்ச்சலுக்கும் கண்ணூறுக்கும் கட்டியதும் இருந்தது. ஆனால் அந்த வரிசையில் நின்றவர்களின் வயிறும் என் வயிறும் ஒரே வயிறு என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

எனக்குப் பின்னால் ரிஸ்னா நின்றாள். அலவத்துகொடையிலிருந்து வருகிற, அதிகம் பேசாத பிள்ளை. வகுப்பில் நூலோ தாயத்தோ எதுவுமில்லாமல் வெறுங்கையைக் காட்டியவர்களில் அவளும் ஒருத்தி. என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எங்கட வாப்பா கட்டினதுதானே. முடிச்சப் பாத்தாத் தெரியும்" என்றாள்.

அந்த லெப்பையின் மகள் அவள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் காலையில் பஸ் ஏறும் முன் பொரட்டுகிறது என்றாள். அப்படியென்றால் வாப்பாவிடமே சொல்லி ஒரு நூல் கட்டிக்கொள்ளலாமே என்று கேட்டேன். அவள் என் காதோடு வாயை வைத்துச் சொன்னாள்:

"எப்பிடிச் சொல்ற? ஊருக்கெல்லாம் பயம் எடுக்கிற மனிசன்ட மகளுக்கே பயம் என்டு தெரிஞ்சா, பொறகு அவர்க்கிட்ட ஆரு வார?"

மணி அடித்தது, ஓடினோம். அன்றும் வயிறு வலித்தது, வலியோடேயே எழுதினேன். பக்கத்து மேசைகளில் வலியோடு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்ததால் கவிழ்ந்து படுக்கத் தோன்றவில்லை. ஸ்டேசனுக்கு அழைப்பு போகவில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும், அப்பா வேலை முடிந்து வரும்வரை காத்திருந்து, அம்மாவும் அப்பாவும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்று, இரண்டு சட்டைக் கையையும் தோள்வரை சுருட்டினேன். அப்பா கறுப்பு நூலைப் பார்த்தார். அம்மா வெள்ளை நூலைப் பார்த்தார். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஒங்களுக்கு எப்ப இருந்து பன்சலப் பழக்கம்?" என்றார் அம்மா.

"ஒனக்கு எப்ப இருந்து லெப்பை பழக்கமோ அப்ப இருந்துதான்" என்றார் அப்பா.

சண்டை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதை அடக்க முந்தானையால் வாயை மூடினார். அந்த இடைவெளியில் நான் சொல்லிவிட்டேன்: எனக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை, எனக்கு வருவது பயம்தான், அது வகுப்பில் நிறையப் பேருக்கு வருகிறது, ஆகவே நான் கண்டியிலேயே படிக்கிறேன். எப்படி அவ்வளவு தெளிவாகச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கே பெருமையாக இருக்கிறது.

அப்பா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "எதுக்குடா பயம்?" என்று கேட்டார்.

அவ்வளவு நாளில் அதை யாரும் கேட்டதில்லை. மாடும் மகாவலியும் சேமக்காலையும் சொல்லப்பட்ட அந்த வீட்டில், அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று எனக்கே உடனே தெரியவில்லை. கோச்சியில் கூட்டம் தள்ளுவது, வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில், "நான் கண்டியில இருக்கிறப்ப அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு" என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அம்மாவும் அழுதார். அப்பா எழும்பிப் போய் வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

பெயரை வெட்டவில்லை. ஜனவரியில் பாடசாலை தொடங்கியபோது சில நாட்கள் அம்மா என்னோடு கண்டிவரை கோச்சியில் வந்தார். வீட்டு வேலை கிடந்து பழுதாகிறது என்று பிறகு கம்பளையோடு இறங்கித் திரும்பினார், அப்புறம் ஸ்டேசனோடு நின்றார், அப்புறம் வாசலோடு. பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அது இருந்தது, ஆனால் வரும் நேரமும் போகும் நேரமும் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தன, வயிறு பொரட்டப் பொரட்ட நான் உயர்தரம் வரை அதே பாடசாலையில் படித்தேன். நாடகத்தில் ராணியாகக்கூட நடித்தேன், மேடைக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்துதான் நடித்தேன்.

இன்று நான் கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியை. எங்களுக்குத் தந்த பயிற்சியில் இதற்குப் "பதகளிப்பு" என்று பெயர் சொன்னார்கள். பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் வருகிற மனக் கோளாறுகளில் மிகப் பரவலானவற்றில் இதுவும் ஒன்று என்றார்கள். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் குறிப்பெடுக்கவில்லை, அந்த வகுப்பில் சுருட்டிய கைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பரீட்சைக்குப் பயப்படுகிற பிள்ளையெல்லாம் நோயாளி என்று நான் சொல்லமாட்டேன், பயம் எல்லாருக்கும் வரும், வரத்தான் வேண்டும். ஆனால் வாரக்கணக்காக, மாதக்கணக்காக அந்தப் பயம் ஒரு பிள்ளையைச் சாப்பிட விடாமல், தூங்க விடாமல், பாடசாலைக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தால் அது கவனிக்கவேண்டிய கோளாறு, கவனித்தால் குணமாகிற கோளாறு. எந்த வகுப்பை எடுத்தாலும் அப்படி ஒன்றிரண்டு பிள்ளைகளாவது உட்கார்ந்திருக்கும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, தேவையான பிள்ளைகளை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அனுப்ப நான் தயங்குவதும் இல்லை.

நூல்கள் இப்போது அநேகமாக இல்லை. கோச்சியில் வந்த பிள்ளைகள் வேனில் வருகிறார்கள், சட்டைக் கைக்குள் எதையும் மறைப்பதில்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை, அரிப்பு எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. ஆனால் நூலோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விட்டது. அந்தக் காலத்தில் லெப்பையும் ஹாமதுருவும் பூசாரியும் ஃபாதரும் ஒத்துக்கொண்ட ஒரு விசயம், பிள்ளை பயந்திருக்கிறது என்பது. காரணத்தைத் தப்பாகச் சொன்னார்கள், மருந்தைத் தப்பாகச் செய்தார்கள், பிள்ளையிடம் கேட்காமல் விட்டார்கள், இருந்தும் பயத்தைப் பயம் என்றே சொன்னார்கள். இன்றைக்கு என்னிடம் வருகிற பெற்றோர், பிள்ளை சோம்பேறி என்கிறார்கள், நடிக்கிறாள் என்கிறார்கள், எல்லாம் கையில் வைத்திருக்கிற ஃபோனால் வந்த வினை என்கிறார்கள். பயம் என்ற சொல்லை அவர்கள் வாயிலிருந்து எடுப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிடுகிறது.

ரிஸ்னாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். எட்டாம் ஆண்டின் நடுவில் வகுப்பில் அவள் உட்காரும் கதிரை வெறுமையானது. வயிற்று வருத்தம், வீட்டில் நிற்கிறாள் என்றார்கள். பிறகு அவள் வரவே இல்லை.

போன தவணைத் தொடக்கத்தில் ஒரு காலை, என் அறை வாசலில் பெற்றோர் கூட்டமாக நின்றுகொண்டிருந்தபோது, ஒரு தாய் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தாள். பார்த்தவுடன் எனக்கு அடையாளம் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. ஆனால் அவள் சுகம்கூட விசாரிக்கவில்லை. வாசலில் நின்றபடியே, அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"டீச்சர், என்ட மகளுக்குப் பயம் ஈக்கிது. காலையில ஸ்கூலுக்கு வெளிக்கிட்டா வவுறு பொரட்டுது. பூச்சியும் இல்ல, வாயுவும் இல்ல. பயம்தான்."

வாசலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மகளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. தாயின் கையைப் பிடித்து இழுத்து, "உம்மா, மெதுவாச் சொல்லுங்க" என்றாள்.

"எதுக்கு மெதுவா?" என்றாள் ரிஸ்னா. "இந்த டீச்சர்ட காதுக்குள்ள மட்டும் மெதுவாச் சொல்லிட்டுத்தான் நான் எட்டாம் வகுப்போட நின்டேன்."